மாறிக்குப் பெயர் வந்த கதை

நிரல் எழுதக் கற்றுக்கொள்ள உட்காரும் எவரும் முதல் சில வகுப்புகளிலேயே ஓர் எழுத்தைச் சந்தித்துவிடுகிறார்கள். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய் என்று கணினிக்குச் சொல்லும் லூப்பில், இது எத்தனையாவது சுற்று என்று எண்ணிக்கொண்டிருக்கும் மாறியின் பெயர் ஆங்கில எழுத்து ஐ. அதற்குள் இன்னொரு லூப் வந்தால் ஜே. அதற்கும் உள்ளே ஒன்று வந்தால் கே. ஏன் ஏ, பி, சி என்று தொடங்கவில்லை என்று கேட்கும் மாணவருக்கு, 'அப்படித்தான் எழுதுவார்கள்' என்பதே பெரும்பாலும் பதில். அதே ஆசிரியர் அடுத்த வகுப்பில் 'வேரியபிளுக்கு அர்த்தமுள்ள பெயர் வைக்கவேண்டும்' என்று சொல்லும்போது மாணவருக்குக் குழப்பம் வருவது நியாயம்தானே. ஐ என்பதற்கு என்ன அர்த்தம்?

அர்த்தம் ஒன்று இருந்தது. அதைப் பிடிக்கக் கணினிக்கு முன்னால் கொஞ்சம் போகவேண்டும்.

தெரியாத எண்ணுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் மிகப் பழையது. பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதிய பீஜகணிதத்தில் முதல் தெரியாத எண்ணுக்கு 'யாவத்தாவத்' என்று பெயர். எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். ஒன்றுக்கு மேல் தேவைப்பட்டால் நிறங்கள் வரும்: காலகம், நீலகம், பீதகம். கணக்குப் போடும்போது முழுச்சொல் இல்லை, முதலசை மட்டும்: யா, கா, நீ, பீ. பிரான்சின் வியெத் 1591-ல் வேறொரு ஏற்பாடு செய்தார். தெரியாத அளவுகளுக்கு உயிரெழுத்து, தெரிந்த அளவுகளுக்கு மெய்யெழுத்து. டெகார்த் 1637-ல் அதை மாற்றி, நெடுங்கணக்கின் கடைசியில் நிற்கும் எக்ஸ், ஒய், இசட் ஆகியவற்றைத் தெரியாதவற்றுக்கும் முதலில் நிற்கும் ஏ, பி, சி ஆகியவற்றைத் தெரிந்தவற்றுக்கும் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் இன்றும் அதுவே நடக்கிறது. வியெத்தும் டெகார்த்தும் நினைத்தது ஒன்றுதான்: எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில், அது எந்த இனத்துப் பொருள் என்று தெரியவேண்டும். வரிசை எண்களுக்கு, அதாவது பின்னமாக இருக்கவே முடியாத முழு எண்களுக்கு, நடுவிலிருக்கும் ஐ முதல் என் வரையிலான எழுத்துகள் என்பதும் கணிதக்காரர்களிடையே பின்னாளில் ஊறிப்போனது.

ஓரெழுத்தோடு அவர்கள் நின்றதற்கு இன்னொரு காரணம் உண்டு. கணிதத்தில் இரண்டு எழுத்தை ஒட்டி எழுதினால் அது பெருக்கல். ஏபி என்றால் ஏ பெருக்கல் பி. இந்தச் சுருக்கெழுத்து இருக்கும்வரை இரண்டெழுத்துப் பெயர் என்ற ஒன்று பிறக்கவே முடியாது.

முதல் கணினிகளில் பெயர் என்பதே இல்லை. கேம்பிரிட்ஜில் 1949-ல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில் ஒரு மதிப்பைக் கூப்பிட வேண்டுமானால், நினைவகத்தில் அது உட்கார்ந்திருக்கும் அறையின் எண்ணைச் சொல்லவேண்டும். எழுபத்தெட்டாம் அறையில் இருப்பதைக் கூட்டு, தொண்ணூற்றிரண்டாம் அறையில் வை. நடுவில் ஒரு கட்டளையைச் செருகினால் அதற்குப் பின்னால் இருப்பவையெல்லாம் ஓர் அறை தள்ளிப்போகும். அவற்றைக் குறிப்பிட்ட இடங்களையெல்லாம் தேடித் திருத்தவேண்டும். ஜெர்மனியில் கொன்ராட் சூசே போர்க்காலத்தில் காகிதத்திலேயே வடித்த பிளாங்கால்க்யூல் மொழியில் மாறிகளுக்குப் பெயர் இருந்தது என்றாலும், அது எழுத்தும் எண்ணுமாகவே இருந்தது. உள்ளே வருபவை 'வி', இடையில் தோன்றுபவை 'இசட்', விடையாக வெளியே போவது 'ஆர்'. கூடவே ஒரு வரிசை எண். இங்கேயும் எழுத்து சொன்னது இனத்தை. பொருளைச் சொல்லவில்லை.

இனி ஃபோர்ட்ரான். இந்தக் கதையின் நடு அறை இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான சிறு குழு 1954 நவம்பரில் ஒரு முன்வரைவு அறிக்கை வெளியிட்டது. கணிதச் சூத்திரத்தை ஏறக்குறைய அப்படியே தட்டச்சு செய்தால், 704 என்ற கணினிக்கு ஏற்ற கட்டளைகளாக அதை ஒரு கம்பைலர் மாற்றித் தரும் என்பது திட்டம். அந்த அறிக்கையில் மாறியின் பெயருக்கு ஓரெழுத்து, மிஞ்சினால் இரண்டெழுத்து. 1957-ல் கம்பைலர் வெளிவந்தபோது அது ஆறாகியிருந்தது. ஏன் ஆறு? 704 கணினியின் ஒரு நினைவகச் சொல்லில் 36 பிட்டுகள். ஓர் எழுத்தைக் குறிக்க 6 பிட்டுகள். ஆக ஒரு சொல்லில் ஆறெழுத்து கச்சிதமாக அடங்கும். ஆறெழுத்து இருந்தால் மனிதர்களுக்குப் புரியும் என்று எவரும் ஆராய்ந்து வைத்த வரம்பல்ல, பெட்டியின் அளவு.

ஆறெழுத்துப் பெயர் நடமாட வேண்டுமானால் ஒட்டியெழுதினால் பெருக்கல் என்ற பழைய வழக்கம் போகவேண்டும். ஃபோர்ட்ரான் பெருக்கலுக்கு நட்சத்திரக் குறியை வைத்தது. இன்று பெரும்பாலான மொழிகளில் தென்படும் அந்தச் சின்ன நட்சத்திரத்தைப் பலர் விசைப்பலகையில் பெருக்கல் குறி இல்லாத குறைக்கு வந்த மாற்று ஏற்பாடு என்று மட்டுமே எண்ணுகிறார்கள். நீண்ட பெயருக்கு வாசலைத் திறந்துவிட்டதும் அதே நட்சத்திரம்தான்.

704 முழு எண்ணை ஒரு விதமாகவும் புள்ளி வைத்த எண்ணை வேறு விதமாகவும் கையாளும். எந்த மாறி எந்த இனம் என்று கம்பைலருக்குத் தெரிந்தாக வேண்டும். இனத்தை முன்கூட்டி அறிவிக்கும் வசதி முதல் ஃபோர்ட்ரானில் கிடையாது. பேக்கஸ் குழு கணிதக்காரர்களின் பழக்கத்தையே சட்டமாக்கிவிட்டது: பெயரின் முதலெழுத்து ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகிய ஆறில் ஒன்றாக இருந்தால் முழு எண், மற்ற எதுவானாலும் புள்ளி வைத்த எண், அதாவது மெய்யெண். முழு எண்ணைக் குறிக்கும் 'இன்டிஜர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலிரு எழுத்தும் ஐ, என் என்று அமைந்தது மனப்பாடத்துக்கு வசதியாயிற்று. லூப்பை எண்ணும் மாறி முழு எண்ணாகத்தான் இருக்கவேண்டும். ஆகவே ஐ. மாணவர் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

இந்தச் சட்டம் வேடிக்கையான பெயர்களைப் பெற்றெடுத்தது. எண்ணிக்கைக்கு 'கவுன்ட்' என்று பெயர் வைக்க நினைப்பவருக்கு ஒரு சங்கடம்: அதன் முதலெழுத்து சி. அப்படி எழுதினால் அது மெய்யெண் ஆகிவிடும். அதனால் சி-யை எடுத்துவிட்டு கே போட்டு எழுதினார்கள். நிறைக்கு 'மாஸ்' என்று வைத்தால் எம்-இல் தொடங்குவதால் முழு எண்ணாகிப் பின்னம் உதிர்ந்துவிடும். முன்னால் ஓர் எக்ஸ் ஒட்டினார்கள். எழுத்துப் பிழை தெரியாதவர்கள் எழுதிய நிரல் போலத் தோன்றும் பழைய ஃபோர்ட்ரான் ஏடுகளில் பாதிப் பிழைகள் வேண்டுமென்றே செய்தவை. 'காட்' என்ற பெயர் ஜி-யில் தொடங்குவதால், முழு எண் என்று யாராவது அறிவிக்கும்வரை கடவுள் மெய்தான் என்ற நகைச்சுவையும் இங்கே பிறந்தது. இந்த நகைச்சுவை தமிழிலும் அப்படியே எடுபடுகிறது.

வேடிக்கை அல்லாததும் உண்டு. ஃபோர்ட்ரான் இடைவெளிகளைப் பொருட்படுத்தாது. பத்தாம் எண்ணிட்ட வரி வரை, ஐ-யை 1 முதல் 10 வரை ஓட்டு என்ற லூப் கட்டளை 'டூ 10 ஐ = 1, 10' என்ற வடிவத்தில் இருக்கும். காற்புள்ளி போடவேண்டிய இடத்தில் விரல் தவறி முற்றுப்புள்ளி விழுந்தால்? 'டூ10ஐ = 1.10'. கம்பைலருக்கு இதில் குறையே இல்லை. 'டூ10ஐ' என்று ஐந்து எழுத்தில் ஒரு புதுப்பெயர், முதலெழுத்து டி, ஆக மெய்யெண், மதிப்பு 1.10. யாரும் வைக்காத பெயரில் ஒரு மாறி பிறந்து, லூப் சத்தமில்லாமல் காணாமல் போகும். நாசாவின் மெர்க்குரி திட்டத்துக் கணக்கீட்டு நிரல் ஒன்றில் இப்படி ஒன்று அகப்பட்டுத் திருத்தப்பட்டது என்று அங்கே பணிபுரிந்தவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையை 1962 ஜூலை 22 அன்று ஏவப்பட்டு ஐந்து நிமிடத்துக்குள் அழிக்கப்பட்ட மரைனர் 1 விண்கலத்தின் தலையில் கட்டுவார்கள். அது சரியல்ல. மரைனருக்குச் சொல்லப்படும் விளக்கம், வழிகாட்டும் சமன்பாட்டில் ஓர் எழுத்தின் தலைமேல் இருக்கவேண்டிய சிறு கோடு, கையால் எழுதியதைப் படியெடுக்கும்போது விட்டுப்போனது என்பது. அந்தக் கோடு இருந்தால் அளவீடுகளைச் சீராக்கிக் கிடைக்கும் வேகம். இல்லாவிட்டால் ரேடார் அப்போதைக்கப்போது காட்டும் குதிக்கும் எண். என் கணக்கில் இதுவும் பெயர் வைத்ததில் வந்த வினைதான். இரண்டு வெவ்வேறு பொருள்களுக்கு ஒரே எழுத்து, வித்தியாசத்துக்கு ஒரு கீற்று. 'மதிப்பெண்1', 'மதிப்பெண்2' என்று பெயர் வைத்துவிட்டு எது திருத்தியது, எது திருத்தாதது என்று மூன்றாம் நாள் மறந்துபோகும் மாணவர் செய்வதும் இதேதான். அங்கே ராக்கெட் இல்லை, அவ்வளவுதான்.

அர்த்தமுள்ள பெயர் என்ற எண்ணம் ஃபோர்ட்ரானிலிருந்து வந்ததல்ல. விஞ்ஞானிகளுக்கு ஓரெழுத்தே போதுமாயிருந்தது, அவர்களுடைய சூத்திரங்களே அப்படித்தான். கணக்குவழக்கு எழுதும் அலுவலகங்களுக்கு அது போதவில்லை. 1959-ல் கூடிய குழு வடித்த கோபால் மொழியில் பெயருக்கு முப்பது எழுத்து வரை இடம். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இணைப்புக்கோடு போடலாம். கிரேஸ் ஹாப்பர் அதற்கு முன்பே உருவாக்கிய ஃபுளோமேட்டிக் மொழியின் வழியில் வந்தது அது. நிரல் எழுதத் தெரியாத மேலாளரும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது ஹாப்பரின் பிடிவாதம். மேலாளர்கள் படித்தார்களா என்பது வேறு விஷயம். ஆனால் பெயர் இருப்பது கணினிக்காக அல்ல, படிப்பவருக்காக என்பதை மொழியின் இலக்கணத்திலேயே எழுதிவைத்த பெருமை கணினி அறிவியல் துறைகளில் இளக்காரமாகப் பேசப்படும் கோபாலுக்கு உண்டு. கம்பைலருக்கு எந்தப் பெயரும் ஒன்றுதான். வேலை முடிந்ததும் பெயர்களைக் கழற்றிவிட்டுப் பழையபடி அறை எண்ணுக்கே போய்விடும்.

இந்த இடத்தில் கதை நேராக முன்னே போயிருக்கவேண்டும். போகவில்லை. எல்லோருக்கும் எளிதாக இருக்கட்டும் என்று 1964-ல் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் மொழி, பெயரை மறுபடி சுருக்கியது: ஓரெழுத்து, அல்லது ஓரெழுத்தும் ஓர் இலக்கமும். மொத்தம் 286 பெயர்கள், அதற்குமேல் உலகத்தில் பெயரே கிடையாது. முழு எண், மெய்யெண் என்று இனம் பிரிக்கும் வழக்கமும் அந்த மொழியில் இல்லை. ஐ-க்கு அங்கே வேலையே இல்லை. இருந்தும் பேசிக் படித்தவர்களின் லூப்பிலும் ஐ வந்து உட்கார்ந்துகொண்டது. சட்டம் போன பிறகும் பழக்கம் தங்கிவிட்டது.

வீட்டுக் கணினிகள் வந்த காலத்தில் ஆப்பிள்சாஃப்ட் பேசிக்கிலும் 1982-இன் கமடோர் 64-இலும் நீளமான பெயரைத் தட்டச்சு செய்யலாம். ஆனால் மொழி முதலிரண்டு எழுத்தை மட்டுமே பார்க்கும். விற்பனைக்கு 'சேல்ஸ்', சம்பளத்துக்கு 'சாலரி' என்று ஆங்கிலத்தில் வைத்தால் இரண்டும் எஸ்ஏ. சம்பளத்தை எழுதினால் விற்பனை மாறும். இன்னொரு கண்ணியும் இருந்தது. 'டோட்டல்' என்று கூட்டுத்தொகைக்குப் பெயர் வைத்தால் அதன் முதலிரண்டு எழுத்து 'டு' என்ற கட்டளைச்சொல். 'ஸ்கோர்' என்று வைத்தால் நடுவில் 'ஆர்' என்ற கட்டளைச்சொல். கணினி பெயரை அங்கே வெட்டிவிட்டுப் பிழை என்று சொல்லும். நல்ல பெயர் வைக்கப்போய் அடிவாங்கிய சிறுவர்கள் ஏ, பி, சி-யே பாதுகாப்பு என்று கற்றுக்கொண்டார்கள். அப்படிக் கற்றவர்கள்தான் அடுத்த தலைமுறைக்கு வாத்தியார்கள்.

சி மொழியின் கதையும் தூரத்தில் இல்லை. அதன் செயற்கூறுகளின் பெயர்கள் கடித்துத் துப்பியது போல இருக்கும்: எழுத்துத் தொடரின் நீளத்தைச் சொல்வது 'ஸ்ட்ர்லென்', படியெடுப்பது 'ஸ்ட்ர்சிபிஒய்'. வெவ்வேறு கோப்புகளைக் கோக்கும் நிரல்கள் சில கணினிகளில் ஆறெழுத்துக்குமேல் பார்க்காது. 1989-இன் தரநிர்ணயம்கூட வெளிப்பெயர்களுக்கு ஆறெழுத்தைத்தான் உறுதியளித்தது. யூனிக்ஸில் கோப்பு உண்டாக்கும் 'கிரியேட்' என்ற அழைப்பின் பெயரில் கடைசி 'இ' கிடையாது. யூனிக்ஸை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த 'இ'-யைச் சேர்ப்பேன் என்று கென் தாம்ப்சன் சொன்னது பிரபலம். இன்றைய லினக்ஸிலும் அந்த 'இ' வரவில்லை. ஒருமுறை பலர் கையாளத் தொடங்கிய பெயரை, வைத்தவராலும் மாற்றமுடியாது.

எழுத்தால் இனத்தைச் சொல்லும் வியெத்தின் ஆசை 1970-களில் மறுபிறவி எடுத்தது. புடாபெஸ்டில் பிறந்த சார்லஸ் சிமோனி (பேசிக்கின் கெமனிக்கும் அதே ஊர்தான்) ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலும், 1981 முதல் மைக்ரோசாஃப்ட்டிலும் பரப்பிய முறை இது. பெயருக்கு முன்னால் ஒரு சிறு ஒட்டு. வரிசை என்றால் ஓர் ஒட்டு, நெடுவரிசை என்றால் வேறொன்று. வரிசை எண்ணோடு நெடுவரிசை எண்ணைக் கூட்டினால் கண்ணுக்கே உறுத்தும். ஹங்கேரிய முறை என்று பெயர் வந்ததில் ஒரு காரணம் ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவது. இனிஷியலை முன்னால் போடும் நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சிமோனி நினைத்த ஒட்டு, பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொன்னது. விண்டோஸ் எழுதியவர்கள் அதை, நினைவகத்தில் எத்தனை பிட் என்று சொல்லும் ஒட்டாக மாற்றிவிட்டார்கள். விண்டோஸில் 'டபிள்யூபாரம்' என்று ஒன்று உண்டு. முன்னால் நிற்கும் டபிள்யூ, இது 16 பிட் கொண்ட 'வேர்டு' என்கிறது. பிறகு அது 32 பிட் ஆயிற்று. இப்போதைய கணினிகளில் 64. பெயர் மட்டும் இன்றும் 16 என்று சாதிக்கிறது. கம்பைலர் தானே பார்த்துக்கொள்ளும் விஷயத்தைப் பெயரில் ஏற்றக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பல சொல் சேர்ந்த பெயரை எப்படி ஒட்டுவது என்ற சண்டைக்குப் பின்னால் விசைப்பலகை இருக்கிறது. 1963-இன் ஆஸ்கி அட்டவணையில் அடிக்கோடு கிடையாது. அதே இடத்தில் இடப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி இருந்தது. பின்னர் வந்த பதிப்பில் அம்பு அடிக்கோடாக மாறியது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்துக் கணினிகளில் அம்பு நீடித்தது; ஸ்மால்டாக் மொழி அதை மாறிக்கு மதிப்பு கொடுக்கும் குறியாக வைத்துக்கொண்டது. அடிக்கோடு இல்லாத ஊரில் சொற்களை ஒட்டியெழுதி, ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் பெரிய எழுத்துப் போடும் ஒட்டக நடை வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எது அழகு என்று இன்றைக்கும் மணிக்கணக்கில் வாதிடுபவர்கள் உண்டு.

அப்படியானால் புதிதாகக் கற்பவர் ஐ-யைத் தூக்கி எறியவேண்டுமா? வேண்டாம். ராப் பைக் 1989-ல் எழுதிய சி மொழிக் குறிப்புகளிலும், அவர் பின்னாளில் பங்கெடுத்த கோ மொழியிலும் ஒரு நியாயம் இருக்கிறது: இரண்டு வரிக்குள் பிறந்து இறக்கும் மாறிக்கு ஓரெழுத்து போதும், நிரல் முழுக்க நடமாடும் மாறிக்கு அது போதாது. என் கட்சியும் அதுதான். தனிவட்டிக் கணக்கை ஒரு மாணவர் 'அ = ப * ச * ட / 100' என்று எழுதலாம்; விடை சரியாக வரும். 'வட்டி = அசல் * விகிதம் * ஆண்டுகள் / 100' என்று எழுதினாலும் அதே விடை. ஆனால் இரண்டாவதில், கடன் ஆறு மாதத்துக்கு என்று கேள்வி வந்தவுடன் 6 என்று கொடுக்கக்கூடாது என்பது கண்ணில் படுகிறது. 'காலம்' என்று வைத்திருந்தால் படாது. பன்மை விகுதியோடு அலகையும் சேர்த்து 'ஆண்டுகள்' என்று வைத்தது பண்டிதத்தனம் அல்ல, பிழை தடுக்கும் வேலை. ஓரெழுத்துப் பெயரிலும் பைத்தானின் நடைக்குறிப்பு 2001 முதல் ஒரு தடை விதித்திருக்கிறது: சின்ன எல், பெரிய ஓ, பெரிய ஐ மூன்றையும் தனியெழுத்துப் பெயராக வைக்காதே, பல எழுத்துருக்களில் ஒன்றும் பூச்சியமுமாகத் தெரியும்.

704-இன் ஆறெழுத்துப் பெட்டியோ இன்னும் உயிரோடிருக்கிறது. பைத்தானில் நம்பை நூலகத்தைக் கொண்டு ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கச் சொன்னால், அடியில் வேலை செய்வது லாபேக் என்ற ஃபோர்ட்ரான் தொகுப்பின் 'டிஜிஇஎஸ்வி'. டி இரட்டைத் துல்லியம், ஜிஇ பொதுவான அணி, எஸ்வி தீர்வு. ஆறெழுத்துக்குள் அடக்கவேண்டும் என்று வைத்த பெயர்.

வட்டிக் கணக்கைத் தமிழில் எழுதியது இந்தக் கட்டுரைக்காகச் செய்த கற்பனை அல்ல. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 முதல் மாறிக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். அந்த வரி அப்படியே ஓடும். தமிழ்ப் பெயரில் ஒரு தொல்லை வரலாம். யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கமுடியும்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக. திரையில் வித்தியாசம் தெரியாது. பைத்தான் இரண்டையும் ஒரே பெயராக்கிக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் அப்படிச் செய்வதில்லை, இரண்டும் அதற்கு வெவ்வேறு மாறிகள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணினி அறிவியல் மாணவர்கள் படிப்பது பைத்தான். ஆக இந்தத் தொல்லையும் அவர்களுக்கு இல்லை. இருந்தும் தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் குறைவு. கட்டளைச்சொற்கள் ஆங்கிலத்தில், பெயர்கள் தமிழில் என்றால் ஒவ்வொரு வரியிலும் விசைப்பலகையை இரண்டு மூன்று முறை மாற்றவேண்டியிருக்கிறது.